பார்க்காமலே வாசித்த பையன்: ஒரு நான்காம் வகுப்பு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு மாணவனைப் பற்றிய பதிவு. 2022 ஜூனில் என் வகுப்புக்கு வந்தவன், 2024 ஏப்ரலில் எங்கள் பள்ளியை முடித்துப் போனான். அவன் பெயரும் ஊரும் இதில் இல்லை, குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போனும் வீடியோவும் செயலியும் பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எனக்குப் பொதுவாகப் பேச வரவில்லை. இந்தப் பையனிடம் அதே போன் இரண்டு விதமாக வேலை செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அதை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

பின்னணி

எங்களுடையது கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் 1 முதல் 3 வரை பார்க்கிறார், 4-ம் 5-ம் என்னிடம். அந்த வருடம் என் இரண்டு வகுப்பும் சேர்த்து 19 பிள்ளைகள். ஊரில் பெண்கள் பாதிப் பேருக்கு மேல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்ப இறக்கிவிடும்.

பையனின் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்தான். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்கா பக்கத்து ஊரில் 8-ஆம் வகுப்பு. பகலில் வீட்டில் இருப்பது அப்பத்தாவும் நாலைந்து ஆடுகளும்.

அவன் முதல் வகுப்பில் சேர்ந்தது 2019 ஜூன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஆக இரண்டாம் வகுப்பை அவன் பள்ளிக்கூடத்தில் பார்க்கவே இல்லை. மூன்றாம் வகுப்பில் பாதி கிடைத்தது, அதிலும் 2022 ஜனவரியில் ஒமைக்ரான் என்று மறுபடி மூடி பிப்ரவரி 1-இல்தான் திறந்தார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தர வேண்டிய வயது அப்படியே போய்விட்டது.

இந்த இழப்பைச் சரிசெய்யத்தான் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஆனால் 2022 ஜூன் 13-இல் அது தொடங்கியபோது 1 முதல் 3 வகுப்புகளுக்கு மட்டும். அவன் அந்த ஜூனில் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இவன் வயதுப் பிள்ளைகள் எல்லாருமே ஒரு படி தாண்டிப்போய் விட்டவர்கள் என்பதை நான் அப்போது சரியாக யோசிக்கவில்லை.

மூடியிருந்த அந்த ஒன்றரை வருடம்

அம்மா சீட்டுப் பணம் எடுத்து ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினார், பிள்ளைகள் படிப்புக்கென்றே. ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது பகல் முழுக்க வீட்டில் இருந்தது. எல்லா வகுப்புக்கும் நான்தான் வாட்ஸ்ஆப் குழுவில் வீடியோ அனுப்புவேன். 2018-க்குப் பின் வந்த பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது, அதைக் காட்டினால் பாட வீடியோ வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. எதுவுமே இல்லாமல் கிடப்பதற்கு இதெல்லாம் எவ்வளவோ மேல், அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டேட்டா தீர்ந்துவிடும் என்பதால் அவன் இறக்கிவைத்த வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான், ஒரு பாடத்தைப் பத்து தடவை, பதினைந்து தடவை. வீட்டுப்பாடம் செய்த நோட்டைப் படம் பிடித்துக் குழுவில் போடச் சொல்லியிருந்தேன். அவனிடமிருந்து தினமும் படம் வரும், எழுத்து முத்து முத்தாக இருக்கும், நானும் டிக் போட்டு அனுப்பிவிடுவேன். அது அக்காவின் கையெழுத்து என்று தெரிந்தது 2022-இல்.

முதலில் கண்டது: 2022 ஜூன், ஜூலை

முதல் வாரத்தில் எல்லாரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். இவன் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். வகுப்பில் இவ்வளவு அழகாக வாசிக்க ஒரு பையனாவது மிஞ்சியிருக்கிறானே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அதே பாடத்தை வாசிக்கும்போது நடுவில் "சரியா குட்டீஸ்?" என்றான். என்றுவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போனான். நான் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் "சரியா குட்டீஸ்" என்று எங்கேயும் இல்லை. அவன் விரல் மேலே இரண்டாவது வரியில் இருந்தது, வாய் ஐந்தாவது வரியில் இருந்தது.

வீடியோவில் பாடம் நடத்திய ஆசிரியை சொன்ன சொல் அது. பாடத்தையும் அவர் பேச்சையும் சேர்த்து அப்படியே மனதில் ஏற்றிவைத்திருந்தான். இடையில் வரும் பாட்டைக்கூட முனகுவான் என்று மற்ற பிள்ளைகள் அப்புறம் சொன்னார்கள்.

அன்று மதியம் கரும்பலகையில் அதே பாடத்துச் சொற்களை வரிசை மாற்றி எழுதினேன். மொத்தம் 40 சொற்கள், நாலு பத்தாக. முதல் பத்து படம், மரம் மாதிரி கடைசிப் புள்ளியைத் தவிர எந்தக் குறியும் இல்லாத எளிய சொற்கள். அடுத்த பத்தில் கால், சுழி. அதற்கடுத்து கொம்பு. கடைசிப் பத்து பட்டம், வண்ணம் மாதிரி நடுவிலும் ஒற்று வரும் சொற்கள். அவன் சரியாகச் சொன்னது 8, அத்தனையும் முதல் பத்தில். கொடி என்பதை "கெ, ர, டி" என்றான். துணைக்காலை ர என்று பார்க்கிறான். தமிழில் கொ எழுத ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், இரண்டுக்கும் நடுவில் க. காதுக்கு ஒரே ஒலி, கண்ணுக்கு மூன்று துண்டு. அதை யாராவது கையைப் பிடித்துக் காட்டினால்தான் பிள்ளைக்குப் புரியும். இவனுக்கு யாரும் காட்டவில்லை. வீடியோவில் காட்டியிருப்பார்கள், ஆனால் அவன் கண் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று வீடியோவுக்குத் தெரியாது.

2023 ஜனவரியில் வந்த ஏசர் (ASER) என்ற கல்வி ஆய்வு அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு இவன் விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் முடிவு: வாசிப்பைக் கேட்கும் செயலி

ஜூலையில் என் போனில் ஒரு செயலியைப் போட்டேன். பிள்ளை வாய்விட்டு வாசிக்க, அது கேட்டுக்கொண்டே வந்து சரியான சொல்லுக்கு நிறம் மாற்றிக் காட்டும், நட்சத்திரம் தரும். தெரியாத சொல்லைத் தொட்டால் அதுவே வாசித்துக் காட்டும். இதைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிமையானது: 19 பேர், நான் ஒருத்தி. நான் மற்றவர்களைப் பார்க்கும் நேரத்தில் இவன் பின் பெஞ்சில் உட்கார்ந்து தானே பயிற்சி செய்யட்டும்.

மூன்று வாரத்தில் நட்சத்திரம் குவிந்தது. தலைமையாசிரியரிடம்கூடக் காட்டினேன். ஜூலைக் கடைசியில் அதே 40 சொற்களைப் பலகையில் எழுதியபோது 10 சரி.

ஏன் என்று பார்க்க ஒருநாள் பின்னால் நின்று கவனித்தேன். ஒவ்வொரு சொல்லையும் முதலில் தொடுகிறான், செயலி சொல்கிறது, அப்படியே திருப்பிச் சொல்கிறான், நிறம் மாறுகிறது, அடுத்தது. ஊர்ப்பேச்சு வழக்கத்தில் இலையை "எல" என்று சொன்னால் அது சில நேரம் ஏற்காது, அதனால் தொட்டுக் கேட்டு அது சொல்வதைப் போலவே சொல்வதுதான் பாதுகாப்பு என்று கண்டுபிடித்துவிட்டான். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை வருடம் போன் அவனுக்குப் பழக்கிக் கொடுத்தது இதைத்தான்: முதலில் ஒலி வரும், அதைப் பிடித்துக்கொள்.

செயலியையும் நான் குறை சொல்லமாட்டேன். அதே செயலி என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நன்றாக உதவியது. அவளுக்கு எழுத்து தெரியும், வேகம் போதாது, அவ்வளவுதான். எழுத்தே தெரியாத பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு நான் நகர்ந்தது என் முடிவு.

இரண்டாவது முடிவு: ஒலி அவனிடமிருந்து வரட்டும்

ஆகஸ்டில் இதைப் பற்றிக் கொஞ்சநாள் யோசித்தேன். அவனுடைய பலம் காது. இரண்டு தடவை கேட்டால் ஐந்து நிமிடப் பேச்சைத் திருப்பிச் சொல்லக்கூடிய பிள்ளை. அந்தக் காதை மூடவைத்துவிட்டு எழுத்து சொல்லித்தர முடியுமா, அல்லது அந்தக் காதை வைத்தே எழுத்தைப் பார்க்கவைக்க முடியுமா?

சத்துணவு முடிந்ததும் 20 நிமிடம். வேப்பமரத்தடி. அவன் எதையாவது சொல்ல வேண்டும், ஆடு, அப்பத்தா, கிணறு, எதுவானாலும். நான் போனில் குரல் தட்டச்சை வைத்து அவன் பேச்சை எழுத்தாக்கி உடனே அவனிடம் காட்டுவேன். தன் வாயிலிருந்து வந்த சொல்தான் என்பதால் அர்த்தம் தெரியும், அர்த்தம் தெரிந்தால் எழுத்தைத் தேடுவான் என்பது என் கணக்கு.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தான் சொன்னதைத்தான் போன் எழுதியிருக்கிறது என்று தெரிந்ததால் பார்க்காமலே திருப்பிச் சொன்னான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், "எங்க கெடாக்குட்டி காணாமப் போச்சு" என்றான். போன் அதை "எங்க கடைக்குட்டி காணாம போச்சு" என்று எழுதியது. நான் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். வழக்கம்போல வாய் ஓட ஆரம்பித்தது, இரண்டாவது சொல்லில் நின்றது. போனைக் கிட்டே கொண்டுபோனான்.

"டீச்சர், இது கெடாக்குட்டி இல்ல."

"எப்படிடா சொல்ற?"

"டா-வுக்கு கால் வரணும்ல. இதுல கால் இல்ல. இங்க என்னமோ சுருட்டி இருக்கு."

ட-வுக்கு முன்னால் இருந்த ஐகாரக் கொம்பின் மேல் அவன் விரல் இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் விரலும் கண்ணும் வாயும் ஒரே எழுத்தில் நின்றன. கால் என்ற சொல்லையும் அவனேதான் சொன்னான், ர என்று சொல்லவில்லை.

போன் தப்பாகக் கேட்டதுதான் உதவியது. தப்பு இருக்கலாம் என்று தெரிந்த பிறகு அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து விளையாட்டே அதுதான்: போன் எங்கே தப்புப் பண்ணியிருக்கிறது, கண்டுபிடி. முள்ளு முழு ஆகும், ஒறவு உறை ஆகும், ஊர்ப்பேச்சு அதற்குப் பிடிபடாத இடமெல்லாம் எங்களுக்குப் பாடம் ஆனது. அவன் கண்டுபிடித்ததை நான் கோடு போட்ட நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுவேன், கீழே அவன் திருத்தி எழுதுவான்.

தலைமையாசிரியர் கேட்ட கேள்வி

"பேச்சுத்தமிழை அப்படியே எழுதிக் காட்டினா நாளைக்குப் பரீட்சையிலயும் அப்படித்தானே எழுதுவான்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தது இதுதான்: செப்டம்பர் கடைசிவரை அவன் பேச்சு அப்படியே போகட்டும், அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை எழுதுவது, மேலே அவன் சொன்னது, கீழே புத்தகத்தில் வருகிற மாதிரி.

எங்க அப்பத்தா சந்தைக்குப் போச்சு.
எங்கள் பாட்டி சந்தைக்குப் போனார்.

இதில் அவனுக்கு இருந்த ஆர்வம் நான் எதிர்பார்க்காதது. அப்பத்தாவைப் "போச்சு" என்று சொல்வது மரியாதைக்குறைவா என்று கேட்டான். இல்லை, அது நம் ஊரில் பாசமாகச் சொல்வது, புத்தகத்துக்கு வேறு சட்டை என்றேன். அதற்குப் பிறகு எந்த வாக்கியம் எந்தச் சட்டை என்று அவனே பிரித்துவிடுவான். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் வீட்டில் பேசாத ஒரு தமிழை வாசிக்கப் பழகுகிறார்கள், அந்த இடைவெளியைத் தாண்ட யாராவது பாலம் போட வேண்டியிருக்கிறது. எந்த வீடியோவும் அவன் வீட்டுத் தமிழிலிருந்து தொடங்கவில்லை, தொடங்கவும் முடியாது, ஏனென்றால் அது எல்லா ஊருக்கும் சேர்த்துச் செய்தது.

அதன் பிறகு நடந்தது

அந்த 40 சொற்கள், அதே பலகை, ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை. அக்டோபரில் 22, டிசம்பரில் அரையாண்டுக்கு முன் 30, 2023 ஏப்ரலில் 37. நவம்பரிலிருந்து போனைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டோம், நோட்டும் நூலகப் பெட்டிக் கதைப்புத்தகங்களும் போதுமாக இருந்தன. பிப்ரவரியில் அவன் இதுவரை பார்த்தே இராத ஒரு எட்டுப் பக்கக் கதையை மெதுவாக, எழுத்துக்கூட்டி, சில இடங்களில் தடுமாறி, முழுக்க வாசித்தான். ஜூனில் கேட்ட அந்த அழகான வாசிப்பு மாதிரி இல்லை, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

எல்லாம் இந்த முறையால்தான் என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபர் 27-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் ஊரிலும் ஒரு தன்னார்வலர் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் இவன் விஷயத்தைச் சொன்னேன், அவரும் தினமும் பத்து நிமிடம் தனியாக வாசிக்கவைத்தார். அக்காவும் எழுதிக்கொடுப்பதை நிறுத்தினாள். இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை.

எல்லாருக்கும் இது பலிக்கவும் இல்லை. அதே வகுப்பில் இன்னொரு பெண், அவளும் எழுத்து தெரியாமல் வந்தவள். போனைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வாள், தன் குரலை அது கேட்கிறது என்பதே அவளுக்குப் பயம். இரண்டு வாரம் முயன்றுவிட்டு விட்டேன். அவளுக்கு எழுத்து அட்டைகளும் மணலும்தான் சரிப்பட்டன. அவள் இவனைவிட மெதுவாக வந்தாள், ஆனால் வந்தாள்.

மிச்சம் இருந்தவையும் உண்டு. ண, ன, ந மூன்றும் கடைசிவரை அவனைக் குழப்பின. எழுதுவது வாசிப்பதைவிட மிகவும் பின்தங்கியே இருந்தது. 2023 ஜூனில் எண்ணும் எழுத்தும் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் இவன் மொட்டில் இருந்தான். என் இரண்டு வகுப்பிலும் மற்ற பிள்ளைகளுக்குப் போக வேண்டிய மதிய நேரத்தில் ஒரு பகுதியை இவனுக்குக் கொடுத்திருக்கிறேன், அதை ஒரு பெற்றோர் வந்து கேட்டபோது என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை.

மறுபடி செய்தால் மாற்றிச் செய்வது

40 சொற்களை ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிவிடுகிறேன், இப்போது ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி மட்டும் யாரையும் மதிப்பிடுவதில்லை. வாசிக்கும்போது வாயைக் கேட்பதைவிட விரலைப் பார்க்கிறேன்.

மறுபடி ஒரு நீண்ட மூடல் வந்தால் நோட்டுப் படத்துக்கு டிக் போடமாட்டேன். 20 நொடி வீடியோ கேட்பேன், பிள்ளையின் முகம் தேவையில்லை, நான் சொல்லும் ஐந்து சொற்களின் கீழே விரல் போவது தெரிந்தால் போதும். 2020-இலேயே அது முடிந்திருக்கும். போன் அவர்கள் வீட்டில் இருந்தது, கேட்கத்தான் நான் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் சொல்வதைச் சேமிப்பது பற்றியும் மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணமும் அவன்தான். 2024 பிப்ரவரியில், ஐந்தாம் வகுப்பு முடியப்போகிற நேரம், என் போனில் இருந்த அவனுடைய பழைய குறிப்புகளைக் காட்டினேன். அறுபதுக்கு மேல் இருந்தன. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வாசித்தான், வாய் அசையாமல், மனதுக்குள். கெடாக்குட்டி வந்ததும் சிரித்தான். இன்னும் கொஞ்சம் தள்ளியதும் ஒன்றில் வெகுநேரம் நின்றான். அப்பா ஊருக்கு வந்திருந்தபோது வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி நாலாம் வகுப்பில் அவன் சொன்னது. சொன்னபோது அந்த எழுத்து அழியாமல் என்னிடமே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு அவனால் அதை வாசிக்கவும் முடியாது.

"டீச்சர், இது வேண்டாம்" என்றான்.

போனை அவன் கையிலேயே கொடுத்து அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டு, மேலேயும் கீழேயும் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்து, போய்விட்டது என்று உறுதிசெய்துகொண்டு திருப்பித் தந்தான்.